நாற்பதினாயிரம் ரூபாய்க் கிணறு

இலங்கை உயர் நீதிமன்றம், அடிப்படை உரிமை மனு இலக்கம் 141/2015. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் சட்டத் தொழில் செய்கிற எங்களுக்கு இந்த இலக்கம் மனப்பாடம். 2019 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதியரசர் பிரசன்ன ஜயவர்த்தன. மனுதாரர் சுன்னாகத்தைச் சேர்ந்தவர் அல்லர். தென்னிலங்கைச் சூழலியலாளர் ரவீந்திர குணவர்த்தன காரியவசம். எண்ணெய் கலந்த சுன்னாகத்துக் கிணற்றுத் தண்ணீருக்காக அவர் கொழும்பு புதுக்கடையிலுள்ள நீதிமன்றப் படி ஏறினார். அந்த வழக்கைப் பற்றிப் பேசும்போது முதலில் நன்றியோடு சொல்ல வேண்டிய செய்தி இதுதான்.

நான் அந்த மனுவில் தோன்றியவன் அல்லன். மல்லாகம் நீதிமன்றத்தை அண்டித் தொழில் நடத்தியவன். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சில என்னிடம் ஆலோசனைக்கு வந்தன. வந்தவர்களின் பைகளில் காணி உறுதியோடு ஒரு போத்தல் தண்ணீரும் இருக்கும். போத்தலை வெளிச்சத்தில் பிடித்தால் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரியும். மூடியைத் திறந்தால் மணக்கும். சட்டத்தரணி மேசையில் அதுவரை நான் கண்ட சான்றுப் பொருள்களில் அது புதுவகை. ஆனால் என்னைத் திணறடித்தது அந்தப் போத்தல் அல்ல. ஏழாலைப் பக்கத்து வெங்காயச் செய்கையாளர் ஒருவர், என் தகப்பனார் வயதுக்காரர், கேட்ட கேள்வி.

"ஐயா, என்ரை கிணறு என்ன பெறுமதி எண்டு கோட்டிலை கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? காணிக்கு விலை சொல்லலாம். தண்ணிக்கு ஆர் விலை கேட்டவை இவ்வளவு நாளும்?"

"வெட்டின செலவைச் சொல்லுங்கோ, அப்பு" என்றேன்.

"அது பாட்டன் வெட்டினது. செலவு நெல்லிலை குடுத்ததாம்."

அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் தந்த விடையையும், அந்த விடை ஏன் அவ்வளவு சிறிதாக அமைந்தது என்பதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழை செம்மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி நிற்கிறது. அப்படித் தங்கும் நன்னீர், கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் வில்லையாக மிதக்கிறது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு பெரிய வில்லைகள். அவற்றில் பெரியது சுன்னாகத்தை நடுவாகக் கொண்ட வலிகாமத்து நீர்ப்படுகை. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் சொல்லும் கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறும் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம்.

ஆகவே சுன்னாகத்தில் ஒரு கிணறு என்பது தனி ஒருவருடைய குழி அல்ல. எங்கள் காணி உறுதிகள் இதை நன்றாகவே அறியும். இத்தனை பரப்பு, இத்தனை குழி என்று நில அளவை எழுதிய கையோடு, பங்குக் கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் உள்ள உரித்தையும் நொத்தாரிசு சேர்த்தே எழுதுவார். காணி பிரிந்தாலும் கிணறு பிரியாது. இறைக்கும் முறை மட்டும் பங்காகும். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி வைத்த நாங்கள், அந்தக் கிணற்றுக்குள் என்ன இருந்தது என்று எந்த உறுதியிலும் எழுதி வைக்கவில்லை.

வழக்கின் சாரம் இது. சுன்னாகத்தில் மின் உற்பத்தி பல பத்தாண்டுகளாக நடந்து வந்தது. போர் ஓய்ந்த பின் அங்கே நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனம் எண்ணெயில் இயங்கும் மின் நிலையமொன்றை நடத்தி இலங்கை மின்சார சபைக்கு மின்சாரம் விற்றது. சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் தெரிவதாக மக்கள் முறையிட்டார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதித்தது. பெரும்பான்மைக் கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தில் பொதுத் தொல்லை வழக்கு வந்தது. 2015 சனவரியில் மின் நிலையம் நின்றது. பிரதேச சபை பவுசர்களில் தண்ணீர் கொண்டுவந்து வீதியோரத் தாங்கிகளை நிரப்பியது. வீட்டு வளவுக்குள் கிணறு இருக்க, குடத்தோடு வீதியில் வரிசை நின்ற காலம் அது.

இதற்கிடையில் வடக்கு மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, ஆபத்தான எண்ணெய் மாசு இல்லை என்ற முடிவுக்கு வந்தது. ஒரே தண்ணீருக்கு இரண்டு அறிக்கை. சட்டத்தரணிகளுக்கு இதைவிடப் பெரிய தலையிடி இல்லை. எதிர்த்தரப்பு வாதமும் லேசானதல்ல: இந்த நிலத்தில் வேறு மின் பிறப்பாக்கிகளும் இருந்தன, போர்க் காலத்தில் எண்ணெய் சிந்திய கதையும் உண்டு, எது எவருடைய எண்ணெய் என்று எப்படிச் சொல்வீர்கள்?

உயர் நீதிமன்றம் அந்த இடத்தில் நின்றுவிடவில்லை. நிலத்தடி நீரும் மண்ணும் மாசுபட்டதற்கு எட்டாவது எதிர்மனுதாரரான அந்த நிறுவனம் பொறுப்பு என்று தீர்மானித்தது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தம் சட்டக் கடமையில் தவறியதையும், அதனால் அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை மீறப்பட்டதையும் கண்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, இயற்கை வளத்தை அரசு மக்களுக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கிறது என்ற பொது நம்பிக்கைக் கோட்பாடு மூன்றும் இந்தத் தீர்ப்பில் உண்டு. அடிப்படை உரிமை வழக்கு அரசுக்கு எதிரானதுதானே, தனியார் நிறுவனத்தை எப்படிக் கட்டுப்படுத்தும் என்ற கேள்விக்கும், நீதியும் நியாயமுமான நிவாரணம் வழங்க 126(4) தரும் அதிகாரத்தைக் கொண்டு விடை சொல்லியது. பொறுப்பைத் தீர்மானித்த அளவில், தெற்காசியாவின் நல்ல சுற்றாடல் தீர்ப்புகளின் வரிசையில் இதற்கு இடம் உண்டு.

பிறகு தொகை வந்தது. நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும். பாதிக்கப்பட்ட ஒருவருக்குக் கூடியது 40,000 ரூபாய். எல்லோருக்கும் உச்சத் தொகையையே கொடுத்தால் 500 பேரோடு பணம் முடிந்துவிடும். நட்டத்தின் ஒரு பகுதியையாவது ஈடு செய்வதே நோக்கம் என்பதை நீதிமன்றமும் மறைக்கவில்லை.

நாற்பதினாயிரத்தை நான் எனக்காக ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். ஒரு குடும்பம் குடிக்க, சமைக்க, குளிக்க, தோய்க்க நாளொன்றுக்கு 500 லீற்றர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின் நிலையம் நின்றது முதல் தீர்ப்பு வரை நான்கு ஆண்டு என்று குறைத்தே பிடித்தாலும் 7 இலட்சத்து 30 ஆயிரம் லீற்றர். லீற்றருக்கு ஐந்தரைச் சதம் வருகிறது. போத்தல் தண்ணீர் ஒரு லீற்றர் பல பத்து ரூபாய் விற்ற காலத்துக் கணக்கு இது. இதில் தோட்டத்துக்கு இறைத்த தண்ணீர் இல்லை. வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு எதுவும் இல்லை. மாரி மழையைச் சித்திரை வெயில் வரை தேக்கி வைத்துத் தருகிற வேலைக்குக் கூலி இல்லை. கடல் உப்பை மேலே வரவிடாமல் அழுத்திப் பிடித்திருக்கிற வேலைக்கும் இல்லை. அதே சுண்ணாம்புப் பாறையின் நீர்தான் கீரிமலையில் கடலோரம் ஊற்றாகி வருகிறது. ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்கிறவர் அதில் முழுகுகிறார். அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

நீதியரசர்களைக் குறை சொல்வது எளிது. நான் சொல்லமாட்டேன். நீதிமன்றத்துக்கு முன் வைக்கப்பட்டதைத்தான் நீதிமன்றம் எடை போடும். கிணறு இறைத்துத் துப்புரவாக்கும் செலவுக்குச் சந்தை விலை உண்டு. நீர்ப்படுகை செய்கிற வேலைக்கு விலைச் சீட்டு எவரும் வைத்திருக்கவில்லை. எண்ணெய் கலக்கும் முன் இந்தப் படுகையில் எவ்வளவு நன்னீர் இருந்தது, எந்தத் தரத்தில் இருந்தது, ஆண்டுக்கு எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு இறைக்கப்பட்டது, அதை நம்பி எத்தனை பரப்பு விளைந்தது என்ற தொடர் கணக்கு இருந்திருந்தால், இழப்பு என்பது கழித்தல் கணக்காகியிருக்கும். கடைக்காரர் ஒருவர் கொப்பியில் எழுதாமல் பொருள் கொடுத்துவிட்டுக் கடன் வழக்கோடு வந்தால் அவர் நிலை என்னவோ, அதுதான் எங்கள் நிலை.

இந்தக் கணக்கை எப்படி எழுதுவது என்பதற்கு உலகில் இப்போது முறை உண்டு. ஐக்கிய நாடுகள் புள்ளிவிவர ஆணைக்குழு 2021 மார்ச்சில் சூழல்தொகுதிக் கணக்கீட்டுக்கான சட்டகத்தை ஏற்றது. முதலில் பரப்பு: எந்தச் சூழல்தொகுதி எவ்வளவு இடத்தில் இருக்கிறது. பிறகு நிலை: அது எவ்வளவு நலமாக இருக்கிறது. பிறகு சேவை: அது யாருக்கு என்ன தருகிறது, எத்தனை கனமீற்றர், எத்தனை ஏக்கர். பணப் பெறுமதி இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. சட்டத்தரணிக்கு இந்த வரிசை முக்கியம். பணக் கணக்கை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கிழித்தாலும், முதல் மூன்று கணக்கும் சான்றாக நிற்கும்.

கிழிப்பார்கள் என்பதற்கு நல்ல உதாரணம் ஹேக் நகரிலிருந்து வருகிறது. நிக்கரகுவா தன் நிலத்துக்குள் புகுந்து கால்வாய் வெட்டி மரங்களை அழித்தது என்று கொஸ்தாரிக்கா வழக்காடியது. சூழல் தரும் பொருள்களும் சேவைகளும் போனதற்காக மட்டும் கொஸ்தாரிக்கா கேட்டது 28 இலட்சம் டொலருக்கு மேல். நிக்கரகுவா, சில பத்தாயிரம் போதும் என்றது. சர்வதேச நீதிமன்றம் 2018 பெப்ரவரி 2 அன்று இரு தரப்புச் சூத்திரத்தையும் அப்படியே ஏற்காமல், மொத்தமாக மதிப்பிட்டு 1,20,000 டொலர் கொடுத்தது. கேட்டதோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் இயற்கை செய்யும் வேலை நின்றுபோனால் அதற்கே தனியாக நட்டஈடு உண்டு என்பதை அந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. எங்கள் தீர்ப்புக்கு ஓராண்டு முந்தியது அது.

பாலாற்றுக் கதை எங்களுக்கு இன்னும் கிட்டியது. வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததை இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஓகஸ்டில் தீர்த்தது. அங்கே நீதிபதி குல்தீப் சிங் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது: தொகையைத் தானே ஊகித்துச் சொல்லாமல், சூழல் இழப்பை மதிப்பிட்டுப் பாதிக்கப்பட்டவரை இனங்காண ஓர் அதிகார அமைப்பை உருவாக்கச் சொன்னார். அந்த அமைப்பு ஊர் ஊராகச் சென்று குடும்பங்களைக் கணக்கெடுத்தது. அதோடு பாலாறு தெளிந்துவிடவில்லை. 2025 சனவரியிலும் அதே மாவட்டத்து மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி கட்டளையிட வேண்டியிருந்தது. மதிப்பீடு ஆற்றைத் துப்புரவாக்காது. ஆனால் எவருக்கு என்ன போனது என்ற பெயர்ப் பட்டியலாவது அங்கே எஞ்சியது.

பெறுமதி போடுவதில் ஆபத்தும் உண்டு. காடுகளுக்கு ஹெக்டேயர் ஒன்றுக்கு 5.80 இலட்சம் தொடக்கம் 9.20 இலட்சம் இந்திய ரூபாய் வரை நிகர தற்காலப் பெறுமதி என்று கோதவர்மன் வழக்கின் வழியாக இந்தியாவில் அறவிடத் தொடங்கினார்கள். நோக்கம் நல்லது: காட்டை இலவசமாக எடுக்காதே. நடைமுறையில் காசைக் கட்டினால் வெட்டலாம் என்ற நினைப்புக்கும் அது இடம் கொடுத்தது. சுன்னாகத்துத் தண்ணீருக்கு நாளை ஒரு விலை எழுதினால், அந்த விலையைக் கட்டிவிட்டு எண்ணெய் ஊற்றலாமா என்று எவராவது கேட்பார். இதற்கு என்னிடம் உள்ள விடை சட்டத்தரணியின் விடை. கணக்கு எழுதுவது நட்டத்தைக் காட்டுவதற்கு. விற்பனை உறுதி முடிப்பதற்கு அல்ல. மனித உயிருக்கு விபத்து வழக்கில் தொகை தீர்ப்பாவதால் உயிரை விலைக்கு வாங்கும் உரிமை எவருக்கும் வந்துவிடவில்லை. தடைக் கட்டளை முதலில், நட்டஈடு பிறகு என்ற ஒழுங்கை மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.

எங்கள் நாட்டுச் சட்டத்தில் இதற்கு வேர் இல்லாமலும் இல்லை. 2000 ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற் வழக்கில் நீதியரசர் ஏ. ஆர். பி. அமரசிங்க, படிவு எங்கே, எவ்வளவு, எந்தத் தரத்தில் இருக்கிறது என்று முழுமையாக ஆராய்ந்து வெளியிடும் வரை ஒப்பந்தத்துக்குப் போக வேண்டாம் என்று கட்டளையிட்டார். இருப்பை எண்ணாமல் விற்காதே என்பதுதான் அதன் பொருள். பொஸ்பேற்றுக்கு ஒரு நீதி, தண்ணீருக்கு வேறு நீதியா? எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 இல் கொழும்புக் கடலில் எரிந்தபோது நிபுணர்கள் கடல் இழப்பைத் துறை துறையாக மதிப்பிட்டார்கள். 2025 யூலையில் அதே உயர் நீதிமன்றம் முதற்கட்டமாக 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்தச் சொன்னது. ஒரு தேசத்துக் கடலையும் ஒரு பகுதியின் கிணறுகளையும் தொகை வைத்து ஒப்பிடுவது நியாயமல்ல. ஒப்பிட வேண்டியது கோவைகளை. கப்பல் வழக்கில் நட்டத்துக்கென்றே மதிப்பீட்டுக் கோவை ஒன்று உருவானது. சுன்னாகத்தில் ஆய்வறிக்கைகள் மாசு உண்டா இல்லையா என்பதோடு நின்றன. இழந்தது எவ்வளவு என்று எவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

கணக்கு எழுதப் புறப்பட்டால் எங்களுக்கும் சங்கடம் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பது நெடுநாளைய செய்தி. தோட்டத்துக்குப் போடும் பசளையும், கிணற்றருகே வெட்டிய மலசலகூடக் குழிகளும் அதற்குக் காரணம். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் அழுக்கை வடிகட்டி நிறுத்துவதில்லை. எண்ணெய்க்கு முன்னமே கிணறு கெட்டிருந்தது என்று எதிர்த்தரப்பு சொன்னால், கணக்கில் எங்கள் பெயரும் கடன்காரர் பத்தியில் வரும். வரட்டும். நேர்மையான கொப்பி இரு பக்கமும் காட்டும். அப்போதுதான் மற்றவருடைய பற்று எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும். அந்த ஏழாலை முதியவரிடம் இதைச் சொன்னபோது அவர் தயங்காமல் விடை சொன்னார்: "நாங்கள் போட்ட பசளையை நாங்கள் ஒத்துக்கொள்ளுறம். எண்ணெய் நாங்கள் போடேல்லை."

பணப் பெறுமதிக்கு இனி ஊகமும் வேண்டியதில்லை. குடாநாட்டுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவரும் யோசனை கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் தடைப்பட்டது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. குளத்துத் தண்ணீரின் பெறுமதி வயலுக்குத்தான் தெரியும். அதன் பிறகு வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தருவது அதன் கொள்ளளவு. கட்டிய கடன் ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஏடுகளில் இருக்கிறது. ஓட்டும் செலவும் மின்கட்டணமும் நீர் வழங்கல் சபையின் ஏடுகளில் இருக்கின்றன. மழையும் பாறையும் கட்டணமில்லாமல் செய்துவந்த வேலையின் ஒரு பகுதியை இயந்திரம் செய்தால் கனமீற்றருக்கு எவ்வளவு முடிகிறது என்பதை அரசே எழுதி வைத்திருக்கிறது. பதிலீட்டுச் செலவு என்று கணக்காளர்கள் சொல்வது இதைத்தான். அதுவும் குறைந்தபட்சம்தான்: தாளையடிக் குழாய் வீட்டுக்கு வரும், வெங்காயப் பாத்திக்கு வராது; கடல் உப்பை அழுத்திப் பிடிக்காது; கீரிமலைக்குத் தீர்த்தம் அனுப்பாது.

ஆகவே அடுத்த மனுவை எழுதப்போகும் இளம் சட்டத்தரணிக்கு நான் சொல்வது இவ்வளவு. கட்சிக்காரரிடம் உறுதியைக் கேட்பதோடு நிற்க வேண்டாம். மாரி முடிவிலும் கோடை முடிவிலும் கிணற்று நீர்மட்டம், உப்புத்தன்மை, ஆய்வுகூட அறிக்கை, திகதி, கையொப்பம் கொண்ட ஒரு கொப்பியை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். நீர்வளச் சபையிடமும் பல்கலைக்கழகத்திடமும் உள்ள அளவீடுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் நட்பின் பேரிலும் கேட்டு வாங்குங்கள். தாளையடியின் கனமீற்றர்ச் செலவை அத்தாட்சிப்படுத்திய பிரதியாக இணையுங்கள். பொறுப்பை நிலைநாட்டும் வேலையை 141/2015 ஏற்கெனவே செய்து தந்துவிட்டது. அந்தத் தீர்ப்பை முதல் பின்னிணைப்பாகவும், படுகையின் கணக்கை இரண்டாவதாகவும் வைத்தால், நீதியரசர் முன்னால் நாற்பதினாயிரம் என்று ஊகிக்க வேண்டிய வெற்றுத் தாள் இருக்காது. விடையைச் சரிபார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கும்.